மேனேஜர் பின்னிய வயர்

"அந்த வயர் எங்கே?"

ரயில் நிலையத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டதும் இசோபேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. அது செக்‌ஷன் மேனேஜர் குசுமியின் குரல். ஆனால் அவர் வீடு தோக்கியோவின் மறுகோடியில். இந்தப் பக்கத்து ரயிலில் அவருக்கு என்ன வேலை?

"வணக்கம் சார்!" என்று இசோபே இடுப்பை வளைத்து வணங்கினார். வளைந்த வேகத்தில் தலையிலிருந்த ஹெட்ஃபோன் நழுவி நெற்றியில் வந்து நின்றது.

"இந்தப் பக்கம் பல் டாக்டர்கிட்ட வந்தேன்," என்றார் மேனேஜர். அவர் பார்வை ஹெட்ஃபோனிலிருந்து தொங்கிய கறுப்பு வயரின் மேல் இறங்கியது. பழைய வயர். தோல் உரிந்த இடத்திலெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றி, அடிபட்டவனின் கால் மாதிரி இருந்தது. "நான் பின்னிக் கொடுத்த வயர் எங்கே, இசோபே?"

"வீட்டுல இருக்கு சார். பத்திரமா."

"பத்திரமா எதுக்குப்பா? மாட்டிக் கேக்கத்தானே கொடுத்தேன்?"

"இந்தக் கூட்டத்துல யாராவது இடிச்சு அது அறுந்து போச்சுன்னா என் மனசு தாங்காது சார். அதான் வீட்டுல மட்டும்..."

 மேனேஜர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி. ரயிலுக்குன்னு தனியா ஒண்ணு பின்னித் தரேன்."

இசோபேவுக்கு அழுகை வந்தது. வீட்டு அலமாரியில் ஏற்கெனவே சட்டை வைக்க இடமில்லை. எல்லாம் மேனேஜர் பின்னிய வயர்.

இந்த வம்பை விலைக்கு வாங்கியதே இசோபேதான். நாலு கோடைக்கு முன்னால் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அகிஹாபாராவில் ஒரு கடைக்காரன், "வயர மாத்திப் பாருங்க, இதுவரைக்கும் காதுல விழாததெல்லாம் விழும்," என்று சொன்னதை நம்பி, தன் ஹெட்ஃபோனுக்கு ஒரு உசத்தி வயர் வாங்கினார். வீட்டுக்கு வந்து ஆவலாக உறையைக் கிழித்த பிறகுதான் தெரிந்தது, அவருடைய ஹெட்ஃபோனில் வயரைக் கழற்றவே முடியாது. பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்த வயர்.

"வாங்கறதுக்கு முன்னாடி பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி சுமியே.

"எப்படிப் பாக்கறது? எப்பவும் அது என் தலை மேல இல்ல இருக்கு!"

உறை கிழித்ததைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். நல்லவேளையாக அது கோடைப் பரிசுக் காலம். ஆபீஸில் எல்லாரும் மேலதிகாரிக்குப் பன்றி இறைச்சி, சோப்புக் கட்டி, சமையல் எண்ணெய் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இசோபே வயர்ப் பெட்டியை ஒட்டி, நல்ல கடையின் காகிதமாகத் தேடிப்பிடித்துச் சுற்றி, மேனேஜரிடம் இரண்டு கையாலும் நீட்டினார். சும்மா நீட்டியிருக்கலாம். "எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருள் சார். உங்களுக்குக் கொடுக்கணும்னு தோணிச்சு," என்று ஒரு வசனம் வேறு.

பரிசு வாங்கினால் பதிலுக்குச் செய்ய வேண்டும். இலையுதிர் காலத்தில் மேனேஜர் ஒரு பெட்டியுடன் வந்தார். உள்ளே நான்கு புரியாகப் பின்னிய செம்புக் கம்பி, இரண்டு முனையிலும் பளபளவென்று பித்தளை. "நானே பின்னினேன்," என்றார். விரலில் பிளாஸ்திரி. கம்பியைப் பற்றவைக்கிற சால்டர் கோல் சுட்டுவிட்டதாம்.

ஒரு நல்ல மனுஷனுக்கு வயர்ப் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டோமே என்று இசோபே மிரண்டு போனார். ஆனாலும் வாங்கினால் பதிலுக்குச் செய்ய வேண்டுமே. வயர்ப் பைத்தியத்துக்கு வயரைத் தவிர வேறென்ன பிடிக்கும் என்று யோசித்து, ஒரு சுருள் வெள்ளிக் கம்பி வாங்கிக் கொடுத்தார். புது வருடம் பிறந்ததும் அந்தச் சுருள் வயராக மாறி அவரிடமே திரும்பி வந்தது. பதிலுக்குப் பட்டு நூல் உறை கொடுத்தார். அது பட்டு உறை போட்ட வயராக வந்தது. மேனேஜரின் பிளாஸ்திரி ஒரு விரலிலிருந்து மறு விரலுக்குப் போனதே தவிர, நின்றபாடில்லை.

"எப்படி இருக்கு, சொல்லு," என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

இசோபே அதில் பாட்டுக் கேட்கிறவர்கூட இல்லை. அவர் கேட்பது ரகுகோ. மேடையில் ஒற்றை ஆள் மண்டியிட்டு உட்கார்ந்து, கையில் ஒரு விசிறியை மட்டும் வைத்துக்கொண்டு, குடிகாரன், வீட்டுக்காரி, திருடன் என்று எல்லாருமாகப் பேசிச் சிரிக்க வைப்பாரே, அந்தக் கதை. கிழவர் ஒருவர் நூடுல்ஸை உறிஞ்சுவது போல நடிப்பதைக் கேட்க வெள்ளிக் கம்பி வேண்டுமா, செம்புக் கம்பி வேண்டுமா?

"நூடுல்ஸ் உறிஞ்சற இடம் சார்... சூப்பு வாசனையே வந்துடுச்சு," என்பார் இசோபே.

மேனேஜர் தலையை மெல்ல ஆட்டுவார். "அப்படியா. வாசனையா."

அன்று ரயில் வரும்வரை மேனேஜர் பழைய வயரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது காதுகிட்ட எப்படிக் கழலுது?"

"கழலாது சார்," என்று சொன்ன உடனே இசோபே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கழலாதா? அப்ப நான் கொடுத்ததெல்லாம்?"

"வீட்டுல வேற ஹெட்ஃபோன் இருக்கு சார்! உங்க வயருக்குன்னே தனியா வாங்கினேன்!"

வாங்கவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. மேனேஜரின் முகம் இளகிப் போயிற்று.

"என் வயருக்காகவா? இருந்தாலும் உனக்கு உயிரா இருக்கறது இதுதானே? பாவம்பா நீ. பிடிச்ச ஹெட்ஃபோனுக்குப் பிடிச்ச வயர மாட்ட முடியாம இத்தன நாள் தவிச்சிருக்கே." கொஞ்சம் யோசித்தார். "வெட்டிடலாம். இந்த வயர வெட்டிட்டு, காதுகிட்ட ஒரு சாக்கெட் வெச்சுட்டா எத வேணா மாட்டிக்கலாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

வெட்டுவதா? இசோபேவின் கை தானாக ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டது.

அது அவர் முதல் போனஸில் வாங்கியது. இப்போது அந்த மாடலே வருவதில்லை. சாப்பாட்டுப் பெட்டிக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியின் கணக்குப் பிரிவில், யாருக்காவது தலையை ஆட்டிக்கொண்டே கழிகிற பொழுதில், ரயிலில் போகிற நேரம் ஒன்றுதான் அவருக்கே அவருக்கு. பக்கத்து ஆளின் முழங்கை விலாவில் குத்த, அவர் மட்டும் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு வருவார். அந்த ஹெட்ஃபோன் போனால் அந்தச் சிரிப்பும் போய்விடும் என்று அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். சுமியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடி, மேனேஜரின் பட்டு உறை போட்ட வயர்.

"வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

"மேனேஜர்கிட்டயா?"

"எங்கிட்ட தெனமும் சொல்றீங்களே, அதே வார்த்தைதான்."

"அது வேற. முதல்ல அந்தச் சாக்ஸ எடு. அது சுத்தப் பட்டு."

"நல்லாத்தான் காயுது." சுமியே இன்னொரு சாக்ஸை மாட்டினாள். "சரி, நெஜமாவே கேக்கறேன். வயர மாத்தினா நல்லா கேக்குமா, கேக்காதா?"

இசோபே கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார். பழைய வயரும் சாகக் கிடந்தது. இடப்பக்கம் தலையைத் திருப்பினால் கரகரத்தது. அதனால் கொஞ்ச நாளாக அவர் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு ரயிலில் போகிறார். மாற்றுவதும் நல்லதுதானோ? ஆனால் ஒருநாள் கடையில் இருந்த ஹெட்ஃபோனில் மேனேஜரின் வயரை மாட்டிக் கேட்டாயிற்று. கடை வயரையும் மாட்டிக் கேட்டாயிற்று. கிழவர் அதே மாதிரிதான் நூடுல்ஸ் உறிஞ்சினார்.

"ஒரு வித்தியாசமும் இல்ல," என்றார்.

"அப்ப அதச் சொல்லுங்க."

"நாலு வருஷமா வாசனை வருதுன்னு சொல்லிட்டேனே!"

மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேஜை நாகசேயிடம் முறையிட்டார். நாகசே சின்ன வயதுப் பெண். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள் என்பதால் பிரிவில் எல்லாருக்கும் அவளிடம் கொஞ்சம் பயம்.

"இதுக்கா சார் இவ்வளவு கவல? மத்தியானம் மீட்டிங் ரூம்ல ஒரு பரீட்சை வெச்சுடலாம். என் ஹெட்ஃபோன்ல வயர் கழலும். நீங்க செவுத்தப் பாத்து உக்காருங்க. நான் கடை வயரையும் மேனேஜர் வயரையும் மாத்தி மாத்தி மாட்டறேன். எது எதுன்னு சொல்லுங்க. தப்புத் தப்பா சொல்லுவீங்க இல்ல?"

"நிச்சயமா."

"அவ்வளவுதான். எல்லார் முன்னாடியும் வித்தியாசம் இல்லன்னு ஆயிடும். நீங்க வாயத் திறந்து எதுவும் சொல்ல வேணாம். மேனேஜரே வெட்கப்பட்டு விட்டுடுவாரு."

இசோபே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மத்தியானம் மொத்தப் பிரிவும் சாப்பாட்டுப் பெட்டியோடு மீட்டிங் ரூமில் கூடிவிட்டது. மேனேஜர் முன்வரிசையில், முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். இசோபே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தப்பாகச் சொல்ல வேண்டும் என்பது திட்டம். ஆனால் எது சரி என்று தெரிந்தால்தானே தப்பாகச் சொல்ல முடியும்? இரண்டும் ஒரே மாதிரி கேட்டன. சரி, வாய்க்கு வந்ததைச் சொல்வோம், பாதியாவது தப்பாகும் என்று ஆரம்பித்தார்.

"இது கடை வயர்."

பின்னால் ஒரு முணுமுணுப்பு.

"இது மேனேஜர் சாரோடது. இதுவும் மேனேஜர் சாரோடது. இது கடை."

முணுமுணுப்பு வளர்ந்தது. இசோபேவுக்கு உற்சாகம் பிறந்தது. எல்லாம் தப்பாகத்தான் சொல்கிறோம் போலிருக்கிறது என்று மடமடவென்று சொல்லி முடித்தார்.  கைதட்டல் காதைப் பிளந்தது.

திரும்பிப் பார்த்தார். நாகசே வயரைக் கையில் பிடித்தபடி பேயறைந்தாற்போல நின்றிருந்தாள்.

"அத்தனையும் சரி," என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்கள நம்பினேனே சார்," என்றாள்.

மேனேஜரின் முகம் வெளுத்திருந்தது. கண்ணில் நீர் கட்டியிருந்தது. "எல்லாமேவா?" என்றார் கம்மிய குரலில். "ஒண்ணுகூடத் தப்பில்லயா? நாகசே, இன்னொரு தடவ வெச்சுப் பாத்துடேன்."

இன்னொரு தடவையும் வைத்தார்கள். இந்த முறை இசோபே, முதலில் தோன்றியதை விட்டுவிட்டு அதற்கு நேர்மாறாகச் சொன்னார். அத்தனையும் சரி. மேனேஜர் எழுந்து வந்து, இசோபேவின் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

"பாவம், ஆனந்தக் கண்ணீர்," என்றார் யாரோ.

அதற்குப் பிறகு இசோபே ஆபீஸில் பெரிய மனிதராகிவிட்டார். ஜெராக்ஸ் மெஷின் கடகடக்கிறது, வந்து காது கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து ஒரு பெட்டி நிறைய மூடிகள் வந்தன. மூடும்போது எழும் 'டிக்' சத்தம் போன மாதம் மாதிரி இல்லையோ என்று அங்கே சந்தேகமாம். இசோபே வேலையை விட்டுவிட்டு மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. கடைசி உபாயமாக முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து இருமினார்.

"காய்ச்சல் மாதிரி இருக்கு சார். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து உங்களுக்கும் ஒட்டிக்கிச்சுன்னா..."

"அடடா. அவசரமே இல்லப்பா," என்றார் மேனேஜர். அவ்வளவு வேகமாகச் சொன்னார். "எப்ப முடியுதோ அப்ப வா. வர முடியலன்னாலும் பரவாயில்ல. ஒடம்புதான் முக்கியம்."

என்ன பெருந்தன்மை என்று இசோபே நெகிழ்ந்து போனார். தப்பித்தோம் என்றுகூட நினைத்தார். சனிக்கிழமை காலையில் மேனேஜர் பெயரில் ஒரு முலாம்பழம் வீடு வந்து சேர்ந்தது. மரப்பெட்டியில், காம்போடு, மெல்லிய தாள் சுற்றிய முலாம்பழம்.

சுமியே அதை மோந்து பார்த்தாள். "ஒடம்பு நல்லா ஆகணும்னு அனுப்பியிருக்காரு. இனிமே நீங்க நல்லா ஆகித்தான் தீரணும்."

"திருப்பி அனுப்பிட்டா?"

"முலாம்பழத்தையா? வெளயாடறீங்களா?" கத்தி அதற்குள் பழத்தில் இறங்கிவிட்டது. "சாப்பிட்டுட்டுப் போய் நன்றி சொல்லிட்டு வாங்க. போறப்ப அந்த ஹெட்ஃபோனையும் எடுத்துக்கிட்டுப் போங்க. எடுத்துட்டுப் போகலன்னா அதுக்குன்னு அவர் ஒரு தடவ இங்க வருவாரு. கொடியப் பாப்பாரு."

மேனேஜர் வீட்டு வாசலறையில் செருப்பைக் கழற்றும்போது, மூலையில் உறை போட்டுச் சாத்தியிருந்த தூண்டில் கழிகளை இசோபே பார்த்தார். உறைமேல் தூசி. சுவரில் பெரிய மீன் ஒன்றை மையில் ஒற்றியெடுத்த காகிதம் பழுத்துப் போய்த் தொங்கியது.

"மீன் பிடிப்பீங்களா சார்?"

"அதெல்லாம் முன்னாடி," என்றார் மேனேஜர். காகிதத்தின் சுருண்ட ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "வா. வேலையப் பாக்கலாம்."

மீனையே மறக்கடித்திருக்கிறது வயர் என்று இசோபேவுக்குத் தோன்றியது. இந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவது?

உள்ளே தாழ்வான மேஜையில் சால்டர் கோல், புது சாக்கெட், கத்தரிப்பான் எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் தீக்காய மருந்துக் குழாய். திருமதி குசுமி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக மண்டியிட்டு உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இசோபேவைப் பார்த்தார். கணவர் கனைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

இசோபே பையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தார். மேஜைமேல் வைத்த பிறகும் அதைவிட்டுக் கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. மேனேஜர் கத்தரிப்பானை எடுத்தார். வயரின் அருகில் கொண்டுபோனார். நிறுத்தினார்.

"இசோபே. நல்லா யோசிச்சியா? பழசு பழசுதான். வெட்டினா வெட்டினதுதான்."

"யோசிச்சேன் சார்."

"புது வயர் போடறது அவ்வளவு அவசியமான்னு எனக்கே சில சமயம் தோணும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

இசோபேவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வேண்டாம் சார். இரண்டே வார்த்தை. ஆனால், 'நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்' என்று மேலதிகாரி சொன்னதை நம்பி வாயைத் திறந்தவர்கள் இரண்டு பேரை அவருக்குத் தெரியும். இருவரும் இப்போது வடகோடி ஹொக்கைடோ கிளையில் பனி வாரிக்கொண்டிருக்கிறார்கள். தவிர, இந்த மனிதர் விரலைச் சுட்டுச் சுட்டுப் பின்னியதை எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? இந்த நாளுக்காகத்தானே காத்துக்கிட்டிருந்தேன்!"

மேனேஜரின் தோள்கள் இறங்கின. "நெஜமாவா?"

"நெஜமா சார்."

"கண்டிப்பா வேணுமா?"

"கண்டிப்பா சார். தயங்காதீங்க."

"சரி," என்றார் மேனேஜர், பல் டாக்டரிடம் வாயைத் திறக்கிறவர் போல.

'கிளிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டேப் சுற்றிய வயர் துண்டாகி மேஜையில் விழுந்தது.  இனி எந்த ரயிலில், யார் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதைக் கேட்டுச் சிரிப்பது? ஆனாலும் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்," என்று நெற்றி பாயில் படும்படி வணங்கினார்.

"மூக்குக்கண்ணாடி மாடியில இருக்கு. எடுத்துட்டு வரேன்," என்று மேனேஜர் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நடையில் தெம்பே இல்லை.

காலடிச் சத்தம் மேலே போய் ஓயும்வரை திருமதி குசுமி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டியிட்டபடியே நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, வேற வழி தெரியாமத்தான் கேக்கறேன். அன்னிக்கு நீங்க அவ்வளவு ஆசையா ஒரு வயரப் பரிசா கொடுத்துட்டீங்கன்னு, உங்க மனசு நோகக் கூடாதேன்னு, நாலு வருஷமா எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போகாம, பிடிக்காத வேலையில கையச் சுட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு... உங்களுக்கு இந்த வயர்ப் பைத்தியம் எப்பத் தெளியும்?"